குருபக்தி, இண்டர்னல் மார்க்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு

ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் மூளும் பித்தைக் கதையாக்குகிறவர்கள் முதலில் ஒரு அறையைக் கட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இரண்டு பேர். கதவு சாத்தியிருக்கிறது. ஒருவர் மனசுக்குள் மற்றவர் எவ்வளவு தூரம் நுழையமுடியும் என்பதுதான் விளையாட்டு. உளவியல் திகில் என்ற வகைமைக்கு இது ரொம்பத் தோது. யாருக்குப் பைத்தியம் என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் வரலாற்றில் தேடினால் அப்படியொரு அறை அகப்படமாட்டேன் என்கிறது. மூன்றாவது ஒரு ஆள் எப்போதும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், சோறு போடுகிற மடமாக, பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகமாக.

ஏகலைவனின் கட்டைவிரலைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. கொஞ்சம் கிட்டத்துக்கு வருவோம். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்த பதினாறு வயசுப் பையனுக்கு வேங்கடராமன் என்று பெயர். ஆசிரியருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வேறு பெயர் உண்டா என்று விசாரிக்கிறார். வீட்டில் ‘சாமா’ என்பார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம் அது என்று தெரிகிறது. அன்றிலிருந்து சாமிநாதன். அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியிடம் பையன் சங்கீதம் கற்றுக்கொண்டதும் ஆசிரியருக்கு ரசிக்கவில்லை, சங்கீதம் நின்றுபோனது. 1876இல் பிள்ளை இறக்கும் வரை கூடவே இருந்த மாணவர், ஏறத்தாழ அறுபது வருஷம் கழித்து, 1933-34இல், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி முடித்தார். பெயரையும் பாட்டையும் விட்டுக்கொடுத்தவரின் எழுத்தில் கசப்பு இல்லை. தன்னை முழுசாகக் கொடுத்துவிட்டவனின் நிறைவுதான் இருக்கிறது.

இதைப் பித்து என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மூடிய அறைக்குள் அது நடக்கவில்லை. பிள்ளையே கடனில் தத்தளித்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவை நம்பியிருந்தவர். பாடம் நடந்தது மடத்துச் சோற்றில். 1880இல் உ.வே.சா.வுக்குக் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தது. அந்த இடத்தில் முன்பு இருந்தவர் பிள்ளையின் இன்னொரு மாணவரான தியாகராச செட்டியார். அன்பு, விசுவாசம், சிபாரிசு, பிழைப்பு எல்லாம் ஒரே நூலில் கோத்துக் கிடந்தன. குருகுலத்தைப் புகழ்கிறவர்கள் அன்பை மட்டும் உருவி எடுத்துக் காட்டுகிறார்கள். நூல் அறுந்துவிடும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கல்லூரி வந்தபோது குரு சம்பளக்காரரானார். பக்தி மட்டும் பழைய பாக்கி மாதிரி தொடர்ந்து வசூலிக்கப்பட்டது. வசூலிக்கிற கருவி பிறகு வந்தது: இண்டர்னல் மார்க்கு. பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25. வினாத்தாளைத் திருத்துகிற முகம் தெரியாத ஆளிடம் மாணவி பல்லைக் காட்ட வேண்டியதில்லை. இந்த 25க்கு முகம் உண்டு, மூடு உண்டு, பிடித்தவர் பிடிக்காதவர் உண்டு. அதிகாரம் மேலேயிருந்து அடித்துக்கொண்டே இருப்பதில்லை, அன்றாடத்தின் சின்னச் சின்ன இடுக்குகளில்தான் வேலை செய்கிறது என்று பூக்கோ சொன்னதை விளங்கிக்கொள்ள பாரிசுக்குப் போக வேண்டாம், அருப்புக்கோட்டை போதும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் மலையடியில் தொடங்கி கிழக்கே அருப்புக்கோட்டை வரை நூலும் தறியும்தான் பிழைப்பு. நடுவில் சிவகாசி வெடி, தீப்பெட்டி. இந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைக்குக் கல்லூரி என்பது மில்லுக்கோ கல்யாணத்துக்கோ போகாமல் தள்ளிப்போடுகிற மூன்று வருஷ அவகாசம். வீட்டில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளை என்றால், கல்லூரியில் ஒரு பிரச்சினை என்று சொன்ன மறுநாளே படிப்பு நின்றுவிடும். இது மாணவிக்குத் தெரியும். ஆசிரியருக்கும் தெரியும்.

2018 மார்ச்சில் அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியின் கணிதத் துறை உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி நான்கு மாணவிகளிடம் போனில் பேசினார். பல்கலைக்கழகத்தின் உயர்நிலையில் இருப்பவர்களுக்கு ‘ஒத்துழைத்தால்’ மார்க்கும் பணமும் கிடைக்கும் என்பது பேச்சின் சாரம். ஏப்ரலில் ஒலிப்பதிவு வெளியே வந்தது. 16ஆம் தேதி கைது. கேட்டவர்களுக்கு நினைவிருக்கும், அதட்டல் இல்லை. பிள்ளைகளின் எதிர்காலத்தில் அக்கறை கொண்ட ஒரு மூத்தவளின் குரல். குருகுலத்தின் அதே பரிவு. அதுதான் நம்மைக் கலவரப்படுத்த வேண்டும். மாணவிகள் வேண்டாம் மேடம், வேண்டாம் என்கிறார்கள். மறுக்கும்போதும் மரியாதை குறையவில்லை, பதிவையும் நிறுத்தவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில்தான் ராஜபாளையத்தில் ஆண்டாள் பற்றி வைரமுத்து பேசிய ஒரு மேற்கோளுக்காகத் தமிழகமே அமளிப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். ஆண்டாளும் மரபு சொல்கிறபடி பெரியாழ்வாரிடம் தமிழ் கற்ற மாணவிதான். அவளுடைய மானத்தைக் காப்பதில் ஒரு வசதி: எந்த நிறுவனமும் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. நான்கு மாணவிகளின் விஷயம் அப்படியில்லை. மாதர் சங்கம் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வேந்தரான ஆளுநர் ஒரு நபர் விசாரணைக்கு உத்தரவிட்டார். பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றார். அந்தக் கூட்டம் முடிகிறபோது கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டி, மறுநாள் மன்னிப்பும் கேட்டார். பேத்தி மாதிரி நினைத்தாராம். பரிவு மறுபடியும்.

பிறகு ஊடகங்கள் அறையைக் கட்ட ஆரம்பித்தன. அவருடைய குடும்பம், சேலை, நடை, மனநிலை. 2019 ஜூலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் தியானம் செய்வதுபோல் அவர் உட்கார்ந்துவிட்டபோது படம் முழுமையாயிற்று. பித்துப் பிடித்த பேராசிரியை! மார்க்கு, துறை, பல்கலைக்கழகம் என்ற சொற்கள் செய்தியிலிருந்து கழன்று விழுந்தன. ஒரு அமைப்பின் குற்றத்தை ஒரு பெண்ணின் மனநோயாக மொழிபெயர்ப்பது எவ்வளவு சுளுவு என்று அன்றைக்குப் பார்த்தோம்.

2024 ஏப்ரல் 30இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறையும் 2.42 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் ஒருவரும் ஆய்வு மாணவர் ஒருவரும் விடுதலையானார்கள். அவர்கள்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. அந்தத் தீர்ப்போடு நமக்கு வழக்கில்லை. ஆனால் மாணவிகளைக் ‘கொண்டுபோக’ முயன்றார் என்று ஒருவர் தண்டிக்கப்படுகிறார், யாரிடம் கொண்டுபோக என்ற இடம் காலியாக இருக்கிறது. திகில் கதையில் இப்படியொரு ஓட்டை விழுந்தால் வாசகர் புத்தகத்தை வீசியெறிவார்.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1997இல் விசாகா தீர்ப்பு, 2013இல் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டம், 2015இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள். மூன்றும் உள்புகார்க் குழுவைச் சொல்கின்றன. குழுவை அமைக்கிறது நிர்வாகம். பெரும்பான்மை உறுப்பினர் அங்கேயே சம்பளம் வாங்குகிறவர்கள். புகார் சொல்லப் போகிற பெண், மத்தியானம் அதே கட்டடத்தில், அதே ஆசிரியர்களில் ஒருவரிடம் அசைன்மெண்டை நீட்ட வேண்டும்.