60 வயசுக்கு மேல தனியா நீலகிரி மலையில நடக்கலாமா? ஜெகதளா போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை

"இந்த வயசுல தனியா எங்க போறீங்க?" ஓய்வு பெற்ற பலரும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பிள்ளைகளின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்காக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டால் காலும் மூட்டும் இன்னும் சீக்கிரம் தளரும். குன்னூர் பக்கம் இருக்கும் ஜெகதளாவை உதாரணமாக வைத்து, எது முடியும், எங்கே கவனம் தேவை என்று பார்க்கலாம்.

ஜெகதளா எங்கே இருக்கு?

நீலகிரி மாவட்டம் குன்னூர் வட்டத்தில், அருவங்காட்டை ஒட்டி இருக்கும் பேரூராட்சி இது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே படுகர் மக்களின் ஹட்டிகள். பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் ராணுவ முகாமை, ஆங்கிலேயர் முதலில் இந்த ஊர்ப் பெயரை வைத்தே 'ஜக்கதல்லா' என்று அழைத்தார்கள்.

இங்கே முதுமையும் நடையும் புதுசு இல்லை. படுகர்கள் வணங்கும் ஹெத்தையம்மன் பெயரிலேயே பாட்டி இருக்கிறார். 'ஹெத்தை' என்றால் பாட்டி, மூதாய். டிசம்பர், ஜனவரியில் வரும் ஹெத்தை திருவிழாவில் வெள்ளை உடை உடுத்தி, தடி ஏந்தி ஊர் விட்டு ஊர் நடந்து போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

வயசானவங்க உண்மையிலேயே இப்படி நடந்திருக்காங்களா?

நடந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்மா கேட்வுட் 1955-ல், 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனி ஆளாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். நம் நாட்டில், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், 2022-ல் 50 வயதைத் தாண்டிய பெண்கள் குழுவோடு அருணாச்சலப் பிரதேசத்தில் தொடங்கி லடாக் வரை இமயமலைப் பாதைகளில் நடந்தார். அப்போது அவருக்கு வயது 67.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். தினமும் 3 கிலோமீட்டர் போதும்.

உடம்பு தாங்குமா?

65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், கூடவே சமநிலைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருக்க அந்தச் சமநிலைதான் முக்கியம்.

உயரத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். குன்னூர் சுமார் 1,800 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா மட்டும் 2,637 மீட்டர். ஆனாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒரு சுலபமான சோதனை: நடக்கும்போது பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியவில்லை என்றால் நில்லுங்கள்.

- இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்க.
- ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டுப் பக்கம் படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகுங்க.
- முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். கைத்தடி கட்டாயம்.
- நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நினைக்காதீங்க.

எப்படிப் போகலாம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் நல்ல வழி. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயில், 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துடுங்க. குன்னூர் தாண்டினால் வெலிங்டன், அடுத்து அருவங்காடு. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை மறக்க வேண்டாம்.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் தேவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை.

எங்கே நடக்கலாம், எங்கே கூடாது?

முதல் நாள் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நடந்து பாருங்க. 1874-ல் தொடங்கிய பூங்கா இது. சரிவு உண்டு, உட்கார இடமும் உண்டு. அடுத்த நாள் ஜெகதளாவின் ஊர்ச் சாலைகள். தேயிலைத் தோட்டத்துக்குள் போக உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவப் பகுதிகளில் போட்டோ எடுக்காதீங்க.

காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை அறிவித்தது. நீலகிரியில் ஊட்டி கேர்ன்ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை போன்றவை எளிதானவை. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தனியா வந்தவருக்கு இதுதான் பாதுகாப்பு. காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும்.

காட்டெருமை எதிரே வந்தால்?

இங்கே நிஜமான ஆபத்து இதுதான். குன்னூர், அருவங்காடு பகுதிகளில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமைகள் சாதாரணமாக மேயும். கரடி, சிறுத்தையும் உண்டு.

- விடிவதற்கு முன்பும், இருட்டிய பிறகும் நடக்காதீங்க.
- காட்டெருமையைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்க. செல்ஃபி வேண்டாம்.
- காதில் இயர்போன் வேண்டாம்.
- "இந்தப் பக்கம் மாடு நிக்குதா?" என்று டீக்கடையில் கேட்டுவிட்டுப் போங்க. எந்த மேப்பும் அதைச் சொல்லாது.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் பக்கம் மண்சரிவு ஏற்படும், மலை ரயிலும் ரத்தாகும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி நடக்க வசதி. ஆனால் காலையில் உறைபனி இருக்கலாம். ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்துக்கோங்க.

தனியா போனாலும் தொடர்பில் இருப்பது எப்படி?

- எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க என்பதைத் தங்கும் இடத்திலும் வீட்டிலும் சொல்லுங்க. சரிவுகளில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.
- மாத்திரைப் பெயர்கள், ரத்த வகை, வீட்டு நம்பரை ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வையுங்க.
- ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.
- பக்கத்து மருத்துவமனை: குன்னூர் அரசு லாலி மருத்துவமனை.
- நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க.

வீட்டில் என்ன சொல்வது?

"போகக் கூடாது" என்பதற்கும் "சொல்லாமப் போயிடுவேன்" என்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. முதல் தடவை இரண்டே நாள் பயணம் போங்க. தினமும் மாலை 5 மணிக்கு ஒரு போன். சொன்ன நேரத்துக்கு அந்த போன் வந்துவிட்டால், அடுத்த பயணத்துக்கு வாதாட வேண்டியிருக்காது. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: "ஏன் தனியா?" என்று கேட்பதற்கு முன், நல்ல பிடிமானம் உள்ள ஒரு ஜோடி ஷூவும் ஒரு கைத்தடியும் வாங்கிக் கொடுங்க.