பதுளை மேட்டில் ஒரு கிரான் சைக்கிள்

கிரானில் சைக்கிள் ஓடப் பழகியவர் எந்த ஊரிலும் ஓடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பதுளையில் முதல் கிழமையே அந்த நினைப்புப் போய்விட்டது.

எங்கள் ஊர் தட்டை நிலம். மேற்கே தெரியும் குடும்பிமலையின் உயரம் ஏறத்தாழ 530 மீற்றர். பதுளை நகரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது. சின்ன வயதில் தூரத்தே பார்த்த மலையின் உச்சியைவிட உயரத்தில் இப்போது மரக்கறி வாங்குகிறேன். ஆனாலும் இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுவது ஒரே வீதிதான். சந்திவெளி, சித்தாண்டி, வந்தாறுமூலை கடந்து, செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினால் அது பதுளை வீதி. பேராதனையில் தொடங்கும் ஏ-5 நெடுஞ்சாலை அங்கேதான் முடிகிறது. கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று மெல்ல மெல்ல ஏறும். போர்க்காலத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அந்த வீதி கறுப்புப் பாலத்தோடு முடிந்துவிட்டிருந்தது.

2022இல் பகுதிநேர மொழிபெயர்ப்பு வேலையொன்றுக்காகப் பதுளைக்கு வந்தேன். ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பஸ் குறைந்தது, ஓட்டோ கட்டணம் கைக்கு எட்டவில்லை. அம்மா தொலைபேசியில், "மகள், வீட்டில சும்மா நிக்கிற சைக்கிள அனுப்பிவிடவா?" என்று கேட்டா. பெற்றோல் இல்லாமல் சீவிப்பது எங்கள் வீடுகளுக்குப் புதுப் பாடமில்லை. படுவான்கரையில் நெல் மூட்டையும் விறகும் காய்ச்சல்காரரும் சைக்கிளில்தான் போனார்கள். மலையிலிருந்து மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியொன்றில் என் சைக்கிள் வந்து சேர்ந்தது.

நகரத்திலிருந்து என் அறைக்கு இரண்டரைக் கிலோமீற்றர். காலையில் இறக்கம், 10 நிமிடம். மாலையில் ஏற்றம், 40 நிமிடம்.

ஏன் இந்த வித்தியாசம் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். 100 மீற்றர் போவதற்குள் 8 மீற்றர் உயர்ந்தால் அது 8 வீத மேடு. ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த மேட்டில் ஏறத்தாழ 7 கிலோவை விடாமல் தூக்கிக்கொண்டே போவதற்குச் சமம். தட்டை வீதியில் ஆறுதலாக ஓடும்போது அது ஒரு கிலோ அளவுதான்.

கியர் சைக்கிள் வாங்க அப்போது வழியில்லை. விலை என் மாதச் சம்பளத்தைத் தாண்டி நின்றது. பஸ் நிலையத்துப் பக்கம் சைக்கிள் திருத்தும் அண்ணன்தான் வழி காட்டினார். "தங்கச்சி, பின்னாடி பல்லு பெருசா போட்டுட்டா ஏறும்." என் சைக்கிளில் முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18. பின்சில்லின் பிறீவீலை 22 பல்லுக்கு மாற்றி, செயினில் ஒரு சோடிக் கண்ணி கூட்டினார். 26 அங்குலச் சில்லுக்கு, ஒரு மிதிக்கு 5 மீற்றர் போனது இப்போது 4 மீற்றர் சொச்சம்தான் போகும். மிதிக்கும் பாரமோ ஐந்தில் ஒரு பங்களவு குறையும். தட்டை இடத்தில் கால் வீணாகச் சுற்றுவதுபோல் இருக்கும், பழகிவிடும்.

ஏற்றம் களைப்புத்தான் தரும், இறக்கம் ஆளை விழுத்தும். கம்பிப் பிரேக்கும் இரும்பு றிம்மும் உள்ள பழைய சைக்கிள்களில், மழையில் றிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இங்கும் எங்கள் ஊர்போல மழை. ஆகவே வேகம் பிடிக்கமுன் மேலிருந்தே மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு றிம்மைக் காயவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு இறுக்கிப் பிடிக்கக்கூடாது. வசதியிருந்தால் முதலில் அலுமினிய றிம்மும் கேபிள் பிரேக்கும் போடுங்கள். புது சீற், புது பெயின்ற் எல்லாம் பிறகு.

22 பல்லுக்கும் ஏறாத ஒரு வளைவு இருக்கிறது. முதல் மாதம் அங்கே இறங்கவே மாட்டேன் என்று முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். ஊரில் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டுவதென்றால் முன்னால் சென்றி இருக்கிறது என்று அர்த்தம். ஏறியபடி கடந்தால் என்ன நடக்கும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பழக்கம் காலில் இருந்தது. இறங்கினால் நெஞ்சு அடித்தது.

ஒரு மாலை மழைத் தூறலில் வேறு வழியில்லாமல் இறங்கினேன். தோட்டத்தில் வேலை முடிந்து வந்த அம்மா ஒருவர் பக்கத்தில் நடந்தார்.

"எந்த ஊரு புள்ள?"

"மட்டக்களப்பு, கிரான்."

"எங்க சித்தப்பா குடும்பம் எழுபத்தேழு கலவரத்துல பயந்து அந்தப் பக்கந்தான் போச்சு. பொறகு தகவலே இல்ல."

எந்த இடம் என்று கேட்டேன். "காடு வெட்டி இருந்தாங்கன்னு சொன்னாங்க. பேரு தெரியல." கரியரிலிருந்த என் பையை நனையாமல் தன் படங்கால் மூடிவிட்டார். லயத்துக்குத் திரும்பும் படி வந்ததும் படங்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு இன்னும் அரைக் கிலோமீற்றர் ஏற்றம் இருந்தது.