சிங்கரின் மனைவியும் பன்னிரண்டு பெண்களும்

புதுப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில், வண்டிகளின் கியர்ப் பெட்டிகளுக்கும் துருவேறிய தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே அது கிடந்தது. கையால் சுற்றித் தைக்கும் சிங்கர் தையல் இயந்திரம். மேலே வளைந்த மர மூடி. உள்ளே கறுப்பு உடலின்மேல் தங்க நிறச் சித்திரம். சக்கரம் அசைய மறுத்தது. கடைக்காரர் முதலில் எடைக்குத்தான் விலை சொல்ல நினைத்திருப்பார். நாம் குனிந்து உற்றுப் பார்த்ததைக் கண்டதும் அவருடைய மனக்கணக்கு மாறிவிட்டது. "சார், பழைய சிங்கருக்கு உள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமா?" என்றார்.

அவர் குறிப்பிட்டது சிவப்புப் பாதரசத்தை. 2009ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் இயந்திரங்களின் ஊசிப் பகுதியில் அணுகுண்டுக்கு உதவும் அரிய பொருள் இருக்கிறதாம். ஓட்டை உடைசல் இயந்திரங்களுக்குக்கூட அங்கே கார் விலை கொடுத்தார்கள். கோபுரக் கலசத்தில் இரிடியம் தேடுகிற நம்மூர்க்காரர்கள் அந்தக் கதையைத் தவறவிடுவார்களா? நீண்ட பேரத்துக்குப் பிறகு, பாதரசத்துக்கும் பழைய இரும்புக்கும் இடையே ஏதோ ஓர் இடத்தில் விலை படிந்தது.

வீட்டுக்கு வந்து அடித்தட்டின் வலப்பக்க மூலையைத் துடைத்தபோது எண் தெரிந்தது. ஒய் என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து ஏழு இலக்கங்களும். சிங்கர் நிறுவனம் தன் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் பொறித்தது. எந்தத் தொடர் எந்த ஆலைக்கு, எந்த ஆண்டில் ஒதுக்கப்பட்டது என்ற பட்டியல்களும் கிடைக்கின்றன. ஒய் தொடர் ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் இருந்த கில்போவி ஆலைக்கு உரியது. நம்முடைய எண் 1920களின் நடுப்பகுதியைக் காட்டியது.

1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக மேற்கொண்ட 21 நாள் உண்ணாநோன்பை முடித்துவிட்டு டெல்லியில் உடல் தேறிக்கொண்டிருந்தார் காந்தி. சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன் என்ற கேரள இளைஞர் அவரைச் சந்தித்தார். இவர்தான் பிற்காலத்தில், 1947இல், தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். நீங்கள் இயந்திரங்கள் அனைத்துக்கும் எதிரியா என்று அவர் கேட்டார். உடம்பே ஓர் இயந்திரம், இராட்டையும் ஓர் இயந்திரம், அப்படியிருக்க எதிரியாக எப்படி இருக்க முடியும் என்றார் காந்தி. தாம் எதிர்ப்பது இயந்திரப் பித்தைத்தான் என்றும் சொன்னார். விதிவிலக்காக அவர் எடுத்துக்காட்டியது எது தெரியுமா? பெயர் சொல்லியே சொன்னார்: சிங்கர் தையல் இயந்திரம். சிங்கர் தம் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைப் பார்த்தார், அவள்மீது கொண்ட அன்பினாலேயே இதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன கதையின் சாரம். அந்த நவம்பரிலேயே இந்த உரையாடல் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் நம்முடைய இயந்திரம் கிளைட்பாங்கில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

கதை அழகானது. ஆனால் ஐசக் சிங்கரின் வாழ்க்கையில் அதற்கு இடமில்லை.

1811இல் பிறந்த சிங்கர் அடிப்படையில் ஒரு நாடக நடிகர். ஊர் ஊராகப் போய் நடித்தவர், இடையிடையே இயந்திரங்கள் செய்தவர். 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில், அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்த வேறொருவருடைய தையல் இயந்திரத்தைப் பார்த்தார். அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்தால் பணம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார். பதினோரு நாட்களில் செய்தும் முடித்தார். 1851 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. மனைவியைப் பொறுத்தவரை, எந்த மனைவி என்றுதான் கேட்க வேண்டும். ஒரே காலத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1860இல் குட்டு வெளிப்பட்டதும் நியூயார்க்கை விட்டு ஐரோப்பாவுக்குப் போனார். 1875இல் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் பெருஞ்செல்வராக இறந்தார்.

காந்தியின் கதை எங்கிருந்து வந்திருக்கும்? நமக்குத் தோன்றுவது இது. அந்தக் கதையின் சாயல் இலையாஸ் ஹோ என்பவரின் வாழ்க்கையில் இருக்கிறது. நுனிப்பக்கம் துளையுள்ள ஊசியையும் அடியில் ஓடும் நாடாவையும் கொண்ட பூட்டுத்தையல் இயந்திரத்துக்கு 1846இலேயே காப்புரிமை பெற்றவர் அவர். வறுமையில் அவருடைய மனைவி எலிசபெத் கூலிக்குத் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தக் கூலித்தையலைப் பார்த்ததில்தான் ஹோவுக்கு எண்ணம் பிறந்தது என்று சொல்வதுண்டு. ஹோ பிழைப்புத் தேடி லண்டன் போய், ஏமாந்து, கையில் காசில்லாமல் 1849இல் திரும்பி வந்தபோது எலிசபெத் மரணப் படுக்கையில் இருந்தார். இயந்திரத்தால் வந்த செல்வத்தில் ஒரு காசைக்கூட அவர் பார்க்கவில்லை. பின்னர் ஹோ சிங்கர்மீது வழக்குத் தொடுத்து வென்றார். 1856இல் போட்டியாளர்கள் கூடித் தங்கள் காப்புரிமைகளை ஒரே பொதுக்கூட்டில் வைத்து, விற்ற ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அன்பு ஒருவர் வீட்டிலும் வியாபாரம் இன்னொருவர் பெயரிலும் தங்கிவிட்டன.

அதே 1856இல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் செய்த காரியம் இயந்திரத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வோம். நூறு டாலருக்கு மேல் விலை கொண்ட பொருளை, ஐந்து டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். மீதி மாதத் தவணையில். தவணை தவறினால் இயந்திரம் திரும்பிப் போய்விடும். தைத்துச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்திலேயே கடனை அடைக்கும் வித்தை இது. 1870களில் சிங்கர் இந்தியாவுக்கும் இந்த ஏற்பாட்டோடுதான் வந்தது. பம்பாயில் இருந்துகொண்டு நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சி நெடுங்காலம் அதன் வியாபாரத்தை நடத்தினார். ஜவுளிக்கடைத் திண்ணையில் அமர்ந்த தையல்காரர் வழியாகவும், பெண்ணுக்குச் சீராகவும் இயந்திரம் தெருக்களுக்குள் நுழைந்தது. அந்நியத் துணியை எரித்த காலத்தில் அந்நிய இயந்திரத்தின் அடியில் கதர் ஜிப்பாக்கள் தைக்கப்பட்டன. அதில் யாரும் முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை.

இனி நம் இயந்திரம். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த தையல் இயந்திரம் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் துரு காரணமல்ல, எண்ணெய்தான் காரணம். மெஷின் எண்ணெய் தீர்ந்துபோன வீடுகளில் தேங்காயெண்ணெயை விட்டுவிடுவார்கள். அது நாளடைவில் காய்ந்து பிசினாகி உள்ளிருக்கும் தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். துளைகள் தோறும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தோம். இரண்டாம் நாள் சக்கரம் நெல்லளவு நகர்ந்தது. நான்காம் நாள் முழுச்சுற்று வந்தது. துணியைத் தள்ளும் பற்களுக்கிடையே பஞ்சும் தூசியும் கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தன. அவற்றை ஊசியால் நெம்பி எடுத்தோம். அடுக்கடுக்காக வந்தன, நீலம், பழுப்பு, கடைசியில் வெள்ளை.

அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தோம். அடித்தட்டில் அழுக்கு படிந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தோம். பழைய இயந்திரங்களில் தங்கச் சித்திரத்தின்மேல் அரக்கு மெருகு பூசியிருப்பார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இரண்டு தேய்ப்பில் பஞ்சு பொன்னிறமானது. அந்த இடத்தில் அதற்கு முன் சித்திரம் முழுமையாக இருந்ததில்லை. கைமெஷினில் வலக்கை சுற்றும், இடக்கை ஒன்றுதான் துணியை நடத்தும். அந்த இடக்கை வழக்கமாகப் பதியும் இடத்தில், உள்ளங்கையளவுக்குத் தங்கம் ஏற்கெனவே தேய்ந்து கறுப்பு தெரிந்தது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய தடம் அது. அவருடைய தேய்மானம் எங்கே முடிந்தது, நம்முடைய துடைப்பு எங்கே தொடங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த தடை நாடா. ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்கி, சற்றே மேலெழும்பும்போது அதன் நூல் பின்புறம் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். அந்த வளையத்துக்குள் அடிநூலைச் சுமந்த ஒன்று நுழைந்து வெளியேற வேண்டும். அதுதான் பூட்டுத்தையல். இன்றைய வீட்டு இயந்திரங்களில் வட்டமான பாபின் இருக்கும் கூடு அந்த வேலையைச் செய்கிறது. நம்முடையது பழைய வகை. சிறு படகு போன்ற எஃகு நாடா ஒன்று ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடி வளையத்தைக் கடக்கும். தையல்காரர்கள் அதை ஷட்டில் என்பார்கள். நெசவுத் தறியின் நாடாவேதான், விரல் நீளத்துக்குச் சுருங்கியது. நம் இயந்திரத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. 1930களில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் நிறுவனம் உஷா இயந்திரங்களைச் செய்யத் தொடங்கிய பிறகு, வட்டப் பாபின் இயந்திரங்களே நாடெங்கும் பெருகின. அவற்றின் உதிரிபாகங்கள் எந்தச் சந்திலும் கிடைக்கும். படகு நாடாவைக் கேட்டால் கடைக்காரர்கள் நம்மை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருக்கும் முதிய மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் முதலில் தடவிப் பார்த்தது அந்த அடித்தட்டைத்தான்.

"இத யாரு சார் தொடச்சது?"

ஒப்புக்கொண்டோம். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. மர மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "மூடியையாவது விட்டுவெச்சீங்களே. இந்த பாலீஷ இப்ப எவனும் போட மாட்டான்" என்றார்.

அந்த மெருகுக்கு ஒரு வரலாறு உண்டு. 1880களின் நடுவில் திறக்கப்பட்ட கில்போவி ஆலை, 1913இல் மட்டும் 13 லட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்களை வெளியே அனுப்பியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1911 மார்ச்சில், அங்கே மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவில் பெண்கள் சிலரை நிர்வாகம் வேறிடத்துக்கு மாற்றியது. அவர்களுடைய வேலையையும் எஞ்சியிருந்த பன்னிரண்டு பெண்களே செய்ய வேண்டும், கூலி உயராது என்றது. பன்னிரண்டு பேரும் வேலையை விட்டு வெளியேறினார்கள். ஓரிரு நாட்களில் ஏறக்குறைய 11,000 தொழிலாளர்கள் அவர்கள் பின்னால் வந்து நின்றார்கள். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. தொழிலாளர்களின் வீடுகளுக்கு அஞ்சலட்டைகள் அனுப்பியது, வேலைக்குத் திரும்பச் சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி. மூன்று வாரங்களில் வேலைநிறுத்தம் முறிந்தது. அதன் பின் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். முன்னின்றவர்களே அதில் அதிகம்.

இப்போது டெல்லி உரையாடலுக்குத் திரும்பினால், ராமச்சந்திரன் அன்று கேட்ட அடுத்த கேள்வியின் கூர்மை புரியும். தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தால், அதைச் செய்வதற்கு ஒரு பெரிய ஆலை வேண்டுமே, அங்கே விசையால் ஓடும் இயந்திரங்கள் இருக்குமே என்றார் அந்த இளைஞர். வேண்டும்தான் என்று ஏற்றுக்கொண்ட காந்தி, அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும், இலாபத்துக்காக அல்லாமல் மனிதரின் நன்மைக்காக நடக்க வேண்டும் என்று பதில் சொன்னார். சிங்கரின் மனைவியைப் பற்றி அவர் கேள்விப்பட்டது பிழை. ஆனால் ஆலையைப் பற்றிய அவருடைய பதில், கிளைட்பாங்கின் பன்னிரண்டு பெண்களுக்குச் சொன்னது போலவே நமக்குப் படுகிறது. அந்தப் பெண்களைப் பற்றி அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அது வேறு. கில்போவி ஆலை 1980இல் மூடப்பட்டது. பின்னர் இடித்துத் தள்ளினார்கள். சிங்கர் என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் மட்டும் அங்கே இருக்கிறது.

இங்கோ, ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்க நம் மாநில அரசிடம் ஒரு திட்டமே உண்டு, சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரில். ஆலையைத் தேசியமயமாக்கவில்லை, இயந்திரத்தையாவது வாங்கிக் கொடுத்தார்கள்.

மெக்கானிக் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். திருகுகள், சுருள்வில்கள், உடைந்த பாதங்கள். அவற்றுக்கிடையே மூன்று படகு நாடாக்கள். ஒன்றை எடுத்து அதன் கூர்முனையில் நகத்தை ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தாலும் நூல் அறுந்துவிடுமாம். ஜீரோ நம்பர் எமரித் தாளில் பத்து நிமிடம் மெல்லத் தேய்த்தார். எல்லா இயந்திரமும் நாடா இல்லாமலேயே வருகின்றனவே, ஏன் என்று கேட்டோம்.

"எங்கம்மா வெளிய போனா மெஷின பூட்ட மாட்டாங்க. ஷட்டில கழட்டி முந்தானைல முடிஞ்சுக்கிட்டு போயிடுவாங்க. அப்பா வித்துடுவாருன்னு பயம். ஷட்டில் இல்லாத மெஷின எவன் வாங்குவான்?"

சொல்லிவிட்டு நாடாவைப் பொருத்தினார். ஊசியில் நூல் கோத்து, தன் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைப் பாதத்தின் அடியில் வைத்துச் சுற்றினார். முதலில் நாலைந்து தையல் விட்டுப்போனது. ஊசியை இறக்கி மறுபடி மாட்டினார். பிறகு விடாமல் விழுந்தது. நாடாவுக்கு முந்நூறு ரூபாய் கேட்டார். துண்டின் தைத்த ஓரத்தை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.