சோப்புக் குமிழி சொன்ன பாடம்

உலோகம் எப்படி வளைகிறது என்று கேட்டால், மெட்டலர்ஜி வகுப்பில் உட்கார்ந்த யாரும் "டிஸ்லொகேஷன்" என்று பட்டென்று சொல்லிவிடுவோம். அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, வரிசையில் உள்ள பிசகு நகர்கிறது, உலோகம் வளைகிறது. 1934-இல் டெய்லர், ஒரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே சொன்ன விளக்கம் இது. சரி, வரிசையே இல்லாத உலோகமாக இருந்தால்?

1960-இல் அதுவும் வந்துவிட்டது. அமெரிக்காவின் கால்டெக்கில் டூவெஸ் குழுவினர் உருகிய தங்கம்–சிலிக்கான் கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்கிற அளவு வேகத்தில் குளிரவைத்தார்கள். வரிசை கட்ட அணுக்களுக்கு நேரமே இல்லை. தாறுமாறாக நின்றபடியே உறைந்துவிட்டன. அதுதான் உலோகக் கண்ணாடி.

ஆள் பலசாலிதான். சுமார் 2 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால் சறுக்கல் முழுவதும் 10, 20 நானோமீட்டர் தடிமனுள்ள பட்டையில் திரண்டுவிடும். இழுவிசையில் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். எச்சரிக்கை தராத பொருளை நம்பி எந்த இன்ஜினியர் பாகம் செய்வார்? ஆகவே, உள்ளே நடப்பதைக் கணக்கில் பிடிக்க வேண்டியதாயிற்று.

1977-இல் ஹார்வர்டின் ஸ்பேப்பன், அணுக்களுக்கு இடையிலுள்ள காலி இடத்தை வைத்துக் கணக்குப் போட்டார். நெரிசலான பஸ்ஸில் கொஞ்சம் இடம் கிடைத்தால்தானே நகர முடியும்! அழுத்தம் அந்தக் காலி இடத்தைக் கூட்டுகிறது. கூடிய இடத்திலேயே மேலும் சறுக்குகிறது.

1979-இல் எம்.ஐ.டி.யின் ஆர்கன், தனி அணு அல்ல, ஒரு சிறு கூட்டமே சேர்ந்து புரள்கிறது என்றார். அதைக் கண்ணால் பார்க்க அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? ஒழுங்கில்லாமல் மிதக்கும் சோப்புக் குமிழிகளை!

1998-இல் ஃபால்க்கும் லாங்கரும் கம்ப்யூட்டரில் அணுக்களை நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் புரண்ட கூட்டம் மறுபடி அதே பக்கம் புரளாது, திரும்பிப் புரளும் என்று கண்டார்கள். அதாவது, பட்ட பாட்டைப் பொருள் நினைவில் வைத்துக்கொள்கிறது.

2007-இல் இத்துறையின் முக்கியமான தொகுப்புக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அப்போது பணியாற்றிய ராமமூர்த்தி என்பது நமக்கும் பெருமை.

முதல் சறுக்கல் எங்கே தொடங்கும் என்று முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்வது இன்றும் லேசான காரியம் இல்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, பெரிய லேப் இல்லையே என்று தயங்காதீர்கள். நல்ல கேள்விக்கு ஒரு தட்டு சோப்புத் தண்ணீரும் பதில் சொல்லும்.