கதிருக்கும் அளவு உண்டு

மருந்தை வேளைக்கு இவ்வளவு என்று அளந்து உட்கொள்வது நம் வழக்கம். நோயைக் காட்டித் தரும் எக்ஸ் கதிருக்கும் அத்தகைய அளவு உண்டு. ஆயினும் ‘சி.டி. ஸ்கேன்’ எனப்படும் படமெடுப்பில் அவ்வளவைக் கருத்தில் கொள்ளும் வழக்கம் தாமதமாகவே வேரூன்றியது. அவ்வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அதன்பின் பல்லாண்டுகள் எக்ஸ்ரே பிலிமே கதிருக்கு ஒரு காவலாக அமைந்தது. கதிர் மிகுந்தால் பிலிம் கறுத்துப் பாழாகும். படம் எடுத்தவர் உடனே பிழையை உணர்வார்.

1971 அக்டோபர் 1 அன்று இலண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில், அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகக் குறுக்குவெட்டாகக் காட்டியது. அதற்கு முன்னர், முதுகுத்தண்டின் வழியே காற்றைச் செலுத்தி, நோயாளியைத் துன்புறுத்தியே மூளையைப் படமெடுத்தனர். அத்துயரைப் போக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், கணித அடிப்படை வகுத்த ஆலன் கார்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் புதிய கருவியில் பழைய காவல் இல்லை. இங்குப் படத்தை வரைவது கணிப்பொறி. கதிர் மிகுந்தால் படம் கறுப்பதில்லை. கலக்கம் குறைந்து, மேலும் தெளிவாகிறது. ஆகவே மிகுதியைக் குறையெனக் கருத எவருக்கும் காரணம் தோன்றவில்லை.

தொடக்கத்தில் கருவியின் மந்தகதியே ஓரளவு தடையாக இருந்தது. 1989இல் சுருள்முறைப் படமெடுப்பும், 1998இல் ஒரே சுழற்சியில் நான்கு வெட்டுகளை எடுக்கும் கருவியும் வந்தபின் அத்தடையும் நீங்கியது. 1989ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் கதிர்ப்படச் சோதனைகளுள் நூற்றுக்கு இரண்டே சி.டி.யாக இருந்தும், மக்கள் பெற்ற மருத்துவக் கதிரில் ஐந்தில் ஒரு பங்கு அவ்விரண்டால் வந்தது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்குத் தலைக்கு அரை மில்லிசீவர்ட்டாக இருந்த மருத்துவக் கதிர், 2006இல் மூன்று மில்லிசீவர்ட் ஆயிற்று. அதில் ஏறக்குறையப் பாதி சி.டி.யின் பங்கு.

குழந்தைகளின் நிலையே அறிஞர்களை விழிப்புறச் செய்தது. வளர்ந்தோருக்கு வகுத்த அதே அளவுகளில் சிறாருக்கும் படமெடுக்கப்படுவதை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். சிற்றுடலில் அதே கதிர் உறுப்புகளை மிகுதியாகத் தாக்கும். அதன் விளைவு தோன்றுதற்கு வாழ்நாளும் நீண்டு கிடக்கிறது. 2012இல் வெளியான பிரிட்டானிய ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட பதினாயிரம் சிறாருக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தால், பின்வரும் பத்தாண்டுகளில் இரத்தப் புற்றுநோய் ஒருவருக்கும் மூளைக்கட்டி ஒருவருக்கும் கூடுதலாக ஏற்படலாம் என்று மதிப்பிட்டது. தீங்கு சிறிது, எனினும் இல்லை எனத் தள்ளத்தக்கதன்று.

இதற்கிடையே மாற்றமும் வந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் இன்ன அளவை ஒட்டி நிற்க வேண்டும் என்னும் ஒப்புநோக்கு அளவுகளைச் சர்வதேசக் கதிர்க்காப்பு ஆணையம் 1996இல் பரிந்துரைத்தது. உடலின் பருமனுக்கேற்பக் கதிரைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் வந்தன. குறைந்த கதிரிலும் தெளிந்த படம் தரும் கணக்கு முறைகள் பின்னர் பரவின. செலுத்திய அளவும் கருவியின் திரையில் தோன்றலாயிற்று. பிலிம் போனபோது இழந்த காவல் இவ்வாறு எண் வடிவில் மீண்டது எனலாம். நம் நாட்டில் 1983இல் நிறுவப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இன்றிச் சி.டி. கருவியை இயக்கலாகாது.

வயிற்றுக்கு ஒரு முறை எடுக்கும் சி.டி. பொதுவாக எட்டு முதல் பத்து மில்லிசீவர்ட் வரை தரும். மண்ணும் வானும் நமக்கு இயல்பாக அளிப்பதோ உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஆதலின் உயிர்காக்க வேண்டிய படத்தை அஞ்சி மறுப்பது அறிவுடைமை ஆகாது. வேண்டாத படத்தைத் தவிர்ப்பதே தக்கது. அலுவல் நிமித்தம் ஊர்தோறும் மாறும் நம்மவர், பழைய படங்களை விட்டுச் சென்று, அதே சோதனையைப் புதிய ஊரில் மீண்டும் செய்துகொள்ள நேர்கிறது. நேயர்களே, பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழோடு அப்படங்களையும் சேர்த்து வையுங்கள்; புதிய மருத்துவரிடம் அவற்றை முதலில் காட்டுங்கள்.