செயற்கை இடுப்பு மூட்டும் காலத்தின் சோதனையும்

மனிதன் நிமிர்ந்து நடப்பதற்கு ஆதாரமான மூட்டுக்களுள் இடுப்பு மூட்டே தலையாயது. தொடையென்பின் உருண்டைத் தலை இடுப்பென்பின் குழியிற் பொருந்திச் சுழலும் அமைப்பே அது. அங்குள்ள கசியிழையம் மூட்டுவாதத்தால் தேய்ந்துவிடின் ஒவ்வோர் அடியும் வேதனையாகும். அதனை அகற்றிப் புதியதொன்றை அமைத்தலினும், அமைத்ததை நிலைக்கச் செய்தலே அரிது என்பதை மருத்துவ வரலாறு காட்டுகின்றது.

1890 அளவில் பேர்லினில் குளுக் என்னும் சத்திரவைத்தியர் தந்தத்தாலான மூட்டுக்களைப் பொருத்த முயன்றார். 1938 இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் துருவேறா உருக்கினாற் குழியும் தலையும் அமைத்தார். 1946 இல் பாரிசில் யூடே சகோதரர் அக்றிலிக் தலையைப் பொருத்தினர். இவற்றுள் எதுவும் நெடுங்காலப் பயன் தரவில்லை.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் யோன் சாண்லி (1911-1982). ஒரு நோயாளியின் யூடே மூட்டு அசையுந்தோறும் கிறீச்சிட்டதை அறிந்த அவர், உராய்வே தளர்ச்சிக்கு மூலம் எனத் துணிந்தார். ஆதலின் தலையை ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் விட்டமுள்ளதாகச் சிறுப்பித்தார். குழிக்கு வழுக்குந் தன்மையுள்ள ரெவ்லோனைத் தெரிந்தார். பல்வைத்தியத்திற் பயன்பட்ட அக்றிலிக் சீமெந்தைக் கொண்டு இரண்டையும் என்பில் நிலைநிறுத்தினார். அச்சீமெந்து பசைபோல ஒட்டுவதன்று. என்பின் நுண்டுளைகளிற் புகுந்து இறுகிப் பாரத்தைப் பரவச் செய்வது.

சீமெந்து நிலைத்தது, ரெவ்லோன் நிலைக்கவில்லை. ஏறக்குறைய 300 நோயாளருக்குப் பொருத்தப்பட்ட குழிகள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் இழையங்களை அழற்றின. பலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. சாண்லி தமது தொடையிலேயே அப்பொருளைப் புகுத்தி அதன் தீமையைச் சோதித்தார். 1962 இல் அவருடைய தொழில்நுட்பவியலாளர் ஹறி கிறேவன், ஒரு விற்பனையாளர் கொணர்ந்த உயர் மூலக்கூற்று நிறைப் பொலித்தீனைச் சோதனைப் பொறியில் இட்டார். சாண்லி முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் வாரக்கணக்கில் ஓடியும் அது மிகச் சிறிதே தேய்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

முன்னைய தோல்வி சாண்லியை எச்சரிக்கையுடையவராக்கியது. தம்மிடம் பயின்ற வைத்தியரே அக்கருவியைப் பெறலாமென விதித்தார். இறந்தபின் மூட்டை ஆராய இடந்தருமாறு நோயாளரையும் வேண்டினார். அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் 1969 முதல் 1971 வரை பொருத்தப்பட்ட 2,000 சாண்லி மூட்டுக்கள் பற்றிய ஆய்வு 2002 இல் வெளிவந்தது. 25 ஆண்டின் முடிவில், மாற்றவோ அகற்றவோ படாது நிலைத்தவை நூற்றுக்கு 80.9 எனக் கணிக்கப்பட்டது. நோயாளரின் வயது குறையக் குறையத் தளர்ச்சி மிகுந்தது என்பதையும் அவ்வாய்வு உணர்த்திற்று.

மூட்டைச் சூழ்ந்த என்பு அரிக்கப்பட்டபோது அறிஞர் பலர் சீமெந்தையே குறைகூறினர். 'சீமெந்து நோய்' என்ற பெயரும் 1980களில் வழங்கிற்று. ஆனாற் சீமெந்தின்றிப் பொருத்திய மூட்டுக்களிலும் அவ்வரிப்புத் தோன்றவே, பொலித்தீன் துகள்களே முதன்மைக் காரணம் என்பது தெளிவாயிற்று. அத்துகள்களை விழுங்கும் உடற்கலங்கள் என்பைக் கரைக்கும் செயலைத் தூண்டுகின்றன. எக்செற்றர் நகரில் லிங், லீ இருவரும் அமைத்து 1970 முதற் பயன்படுத்திய தண்டின் வரலாறும் இத்தகையதே. 1976 இல் அதன் மெருகிட்ட மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினர், தளர்ச்சி மிகுந்தது. 1986 இல் மெருகே மீண்டது. சிறிதெனத் தோன்றிய மாற்றத்தின் தீமை வெளிப்படப் பல்லாண்டு சென்றது.

புதியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. பொறியின் சோதனை வாரங்களில் முடியும். மனித உடலின் சோதனைக்கோ கால் நூற்றாண்டு வேண்டும். ஆதலின், பொருத்திய மூட்டை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே பதிந்து வைத்தல், அதனை அமைத்த திறமைக்குக் குறையாத தொண்டாகும்.