டோக்கனுக்கு முன்னாடியா, பின்னாடியா?

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் முதல் முறையா வீடு வாங்கக் கிளம்பினார். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு சார்"னு புரோக்கர் சொன்னதும் அன்னைக்கே இரண்டு லட்சம் டோக்கன். வக்கீல்கிட்ட போனது பத்து நாள் கழிச்சுத்தான். மூலப் பத்திரத்தைப் புரட்டின வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "பரம்பரைச் சொத்தாச்சே, விக்கிறவருக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?"

இருந்தாங்க, இரண்டு பேர். கையெழுத்துப் போட மாட்டோம்னுட்டாங்க. வீடும் போச்சு, டோக்கனும் இன்னும் திரும்பி வரலை.

வக்கீல் ஃபீஸை எப்போ கொடுக்க ஆரம்பிக்கணும்? இதுக்குப் பதில் பழைய சட்டப் புத்தகத்துல இருக்கு.

1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அரசாங்கப் பதிவேட்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் சொந்தக்காரர். அதுக்கு அரசே பொறுப்பு. வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்தது வேற. 1882 சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதுக்கு மேலும் போற வீடு, நிலத்தைப் பதிவுப் பத்திரம் மூலமாத்தான் விக்கணும்னு சொல்லிச்சு. 1908 பதிவுச் சட்டப்படி பதிவாகிறது பத்திரம் மட்டும்தான். நம்ம பாஷையில் அது ஒரு லாக் ஃபைல். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தாங்கன்னு இருக்கும். எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை இருந்ததாங்கிறதுக்கு உத்தரவாதம் கிடையாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றமும் இதையேதான் சொன்னது: 1908 சட்டப்படி உரிமையை ஆராயற அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை.

அப்போ அது யார் வேலை? வாங்குறவர் வேலை. 1882 சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வாங்குறவர் கேட்டால் விக்கிறவர் தன்கிட்ட இருக்கிற பத்திரங்களைக் காட்டியே ஆகணும். என்ன கேக்கணும்னு நமக்குத் தெரியணுமே? அதுக்குத்தான் வக்கீல்.

"வில்லங்கம் போட்டுப் பார்த்தேனே"ன்னார் நண்பர். வில்லங்கத்தில் பதிவானது மட்டும்தான் வரும். உயிலைப் பதியணும்னு கட்டாயமே இல்லை, அதனால பதியாத உயில் வராது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டில் 1989 முதல் (அன்னைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு), நாடு முழுக்க 2005 முதல் சட்டம் இருக்கு. பாகப்பிரிவினை பதிவாகாத வரை அந்தப் பங்கும் வில்லங்கத்தில் தெரியாது.

"லோனுக்கு பேங்க் வக்கீல் பார்ப்பாரே?" பார்ப்பார், பேங்குக்காக. அதுவும் பெரும்பாலும் அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் கைமாறின பிறகு.

அதனால என் கட்சி இதுதான்: முதல் செலவு வக்கீலுக்கு, அப்புறம்தான் டோக்கன். பத்திர நகலைக் காட்ட யோசிக்கிறவர்கிட்ட ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க. அவர் பார்த்துட்டு "வேண்டாம்"னு சொன்னா, அந்த ஃபீஸ் தண்டமில்லை. நண்பரைக் கேளுங்க, சொல்லுவார்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க பத்திரத்தை எனக்கு அனுப்பாதீங்க :-)